பழைய ஆர்கேட் ஓவியங்களை மறுஅச்சிட்டு விற்கும் முன்: பதிப்புரிமையைச் சரிபார்க்கும் முழுமையான வழிகாட்டி

பழைய ஆர்கேட் இயந்திரங்களின் (காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டுப் பெட்டிகள்) பக்கவாட்டு ஓவியம், மார்க்கீ (மேலே உள்ள பெயர்ப்பலகை), பெசல் (திரையைச் சுற்றிய சட்டம்), கண்ட்ரோல் பேனல் ஓவர்லே (பொத்தான் பலகையின் மேல் ஒட்டும் தாள்) ஆகியவற்றை மறுபடி அச்சிட்டு விற்க முனையும் புதியவர்கள் ஏறக்குறைய எல்லோருமே ஒரே வரிசையில்தான் வேலை செய்கிறார்கள். முதலில் ஸ்கேன் எடுக்கிறார்கள்; மாதக்கணக்கில் உட்கார்ந்து கணினியில் கோடு கோடாக, வெக்டராக வரைகிறார்கள்; சோதனை அச்சு பார்த்து விற்பனைக்கு வைக்கிறார்கள்; விற்பனைப் பக்கத்தை நீக்கச் சொல்லி உரிமையாளரின் நீக்க அறிவிப்பு வந்த பிறகுதான் அந்த ஓவியம் யாருடையது என்று தேடத் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். 1981ஆம் ஆண்டு இயந்திரம் ஒன்றின் பக்கவாட்டு ஓவியத்துக்குப் பதினோரு வாரம் செலவிட்டு, ஆறு ஜோடி விற்று, ஏழாவதை உருளையில் சுற்றிக்கொண்டிருந்தபோது அறிவிப்பு வந்தது.

கீழே உள்ள படிகள் அந்த வரிசையைத் தலைகீழாக்குகின்றன. ஸ்கேனரைத் தொடுவது கடைசி வேலை. இந்த இயந்திரங்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் தயாராகி அங்கே விற்கப்பட்டவை, மறுஅச்சை வாங்குபவர்களும் பெரும்பாலும் அங்கேயே இருக்கிறார்கள் என்பதால், அமெரிக்கச் சட்டத்தையே அடிப்படையாகக் கொண்டிருக்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை, அசல் பொருளின் தெளிவான புகைப்படங்கள். மற்றவர் ஸ்கேன் செய்து பகிர்ந்த கோப்பு போதாது. அதில் ஓரங்கள் வெட்டப்பட்டிருக்கும், நமக்கு வேண்டிய தகவலோ ஓரத்தில்தான் இருக்கும். மார்க்கீயை அதைப் பிடித்திருக்கும் பட்டையிலிருந்து கழற்றி, பட்டை மறைத்திருந்த விளிம்பையும் சேர்த்துப் படமெடுங்கள். பெசலின் கீழ் மூலையையும், பக்கவாட்டு ஓவியத்தின் அடிப்பகுதியையும், இயந்திரத்தின் பின்புறத் தகட்டையும் தனித்தனியே எடுங்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு கோப்புறை. அதில் நீங்கள் எதை, எந்தத் தேதியில், எந்தப் பதிவேட்டில் தேடினீர்கள், என்ன கிடைத்தது என்பதை எழுதி வையுங்கள். பின்னாளில் உரிமம் கேட்கும்போதும், வழக்கறிஞரிடம் போகும்போதும் இந்தக் குறிப்பு பாதி வேலையைக் குறைக்கும்.

2. ஒரே தாளில் உள்ள உரிமைகளைப் பிரித்துப் பாருங்கள்

ஒரு பக்கவாட்டு ஓவியம் ஒரே படைப்பு என்று நினைப்பதுதான் முதல் தவறு. அதில் குறைந்தது மூன்று அடுக்குகள் இருக்கும்: ஓவியம், அதில் வரும் பாத்திரம், விளையாட்டின் பெயரும் நிறுவனச் சின்னமும். மூன்றுக்கும் உரிமையாளர் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

பேக்-மேன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1980இல் ஜப்பானில் நாம்கோ உருவாக்கிய விளையாட்டு அது. அமெரிக்காவில் அதைத் தயாரித்து விற்ற மிட்வே, ஜப்பானிய ஓவியத்தைப் பயன்படுத்தாமல் தன் இயந்திரத்துக்குத் தனி ஓவியம் வரையச் செய்தது. ஆகவே அமெரிக்கப் பக்கவாட்டு ஓவியத்தை அச்சிட நினைப்பவர், பாத்திரத்துக்கு நாம்கோவின் வழியையும் ஓவியத்துக்கு மிட்வேயின் வழியையும் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும். 1978ஆம் ஆண்டின் ஸ்பேஸ் இன்வேடர்ஸும் அப்படியே: விளையாட்டு டைட்டோவுடையது, அமெரிக்க இயந்திரம் மிட்வேயுடையது.

திரைப்படத்தையோ சித்திரக் கதையையோ ஒட்டி வந்த விளையாட்டுகளில் நான்காவது அடுக்கு ஒன்று சேரும். 1982இல் வந்த டிரானில் டிஸ்னியும், 1983இல் அட்டாரி வெளியிட்ட ஸ்டார் வார்ஸில் லூகாஸ்ஃபிலிமும், நின்டெண்டோவின் பாப்பாயில் அந்தச் சித்திரக் கதையின் உரிமை நிறுவனமான கிங் ஃபீச்சர்ஸும் உரிமையாளர்களாக உண்டு. ஆர்கேட் நிறுவனம் பெற்றிருந்தது அந்த விளையாட்டுக்கான உரிமம்தான் என்பதால், அந்த நிறுவனத்தின் இன்றைய வாரிசு அனுமதி கொடுத்தாலும் அது முழுமையான அனுமதி ஆகாது. புதியவர்கள் இத்தகைய விளையாட்டுகளை முதல் முயற்சியாக எடுக்காமல் இருப்பதே நல்லது.

ஒரு தாளை எடுத்து, அதன் சிறிய பிரதி ஒன்றில் ஒவ்வொரு அடுக்கையும் வேறு வேறு நிறப் பேனாவால் சுற்றிக் காட்டுங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும், ஆனால் பெசலின் மூலையில் இருக்கும் சிறிய நிறுவனச் சின்னம் அப்போதுதான் கண்ணில் படும்.

3. அறிவிப்பு வரியைப் படியெடுங்கள்

© குறி அல்லது அதற்கு ஈடான சொல், வெளியீட்டு ஆண்டு, உரிமையாளர் பெயர் ஆகிய மூன்றும் சேர்ந்ததே பதிப்புரிமை அறிவிப்பு. மார்க்கீயில் அது பெரும்பாலும் கீழ் விளிம்பில், பொடி எழுத்தில், பிடிப்புப் பட்டைக்கு அடியில் ஒளிந்திருக்கும். உள்ளது உள்ளபடி, எழுத்துப் பிழை இருந்தால் அதையும் சேர்த்துப் படியெடுங்கள். அடுத்த படியில் தேட வேண்டியது அந்தப் பெயரைத்தான்.

இந்த இடத்தில் ஒரு பழக்கத்தை எச்சரித்தே ஆக வேண்டும். வெக்டராக வரைபவர்கள் பலர் இந்த வரியை நீக்கிவிடுகிறார்கள். சிலர் அந்த இடத்தில் தங்கள் கடையின் பெயரை © குறியுடன் போடுகிறார்கள். உரிமைத் தகவலைத் தெரிந்தே நீக்கி மீறலுக்கு வழி செய்வதும், மீறலை மறைக்கப் பொய்யான உரிமைத் தகவலை இடுவதும் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 1202ஆம் பிரிவின்கீழ் தனிக் குற்றச்சாட்டுகள். ஒவ்வொரு மீறலுக்கும் 2,500 முதல் 25,000 டாலர் வரை நீதிமன்றம் விதிக்கலாம். ஓவியத்தைப் படியெடுத்ததற்கான இழப்பீடு இதில் சேராது. அது தனிக் கணக்கு.

4. காலம் முடிந்துவிட்டதா என்று கணக்கிடுங்கள்

பெரும்பாலும் முடிந்திருக்காது. ஆயினும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும், ஏனெனில் விதிவிலக்குகள் 1970களின் இயந்திரங்களில்தான் இருக்கின்றன.

1978க்கு முன் அமெரிக்காவில் அறிவிப்பு இல்லாமல் வெளியான படைப்பு பொதுவாகப் பாதுகாப்பை இழந்தது. அறிவிப்புடன் 1964 முதல் 1977 வரை வெளியானவற்றுக்கு 1992ஆம் ஆண்டுச் சட்டம் தானியங்கிப் புதுப்பிப்பு அளித்தது. அவற்றின் ஆயுள் வெளியீட்டிலிருந்து 95 ஆண்டு. 1972இல் அறிவிப்புடன் வெளியான ஓவியம் ஒன்று 2067 முடியும்வரை காக்கப்பட்டிருக்கும்.

1978 தொடங்கி 1989 பிப்ரவரி 28 வரையிலான காலம்தான் ஆர்கேட்டின் பொற்காலம், சிக்கலும் அதில்தான். அப்போதும் அறிவிப்பு தேவைப்பட்டது. ஆனால் விடுபட்டிருந்தால் ஐந்து ஆண்டுக்குள் பதிவு செய்து, மீதிப் பிரதிகளில் அறிவிப்பைச் சேர்க்க நியாயமான முயற்சி எடுத்து, குறையைச் சரிசெய்துகொள்ள வழி இருந்தது. ஆகவே உங்கள் கையில் உள்ள தாளில் அறிவிப்பு இல்லை என்பதை மட்டும் வைத்து அது பொதுவுடைமை, அதாவது பதிப்புரிமை இல்லாதது, என்று முடிவு கட்டாதீர்கள். அறிவிப்பு இயந்திரத்தின் வேறொரு பாகத்தில் இருக்கலாம். பதிவேட்டிலும் பதிவு இருக்கலாம். நிறுவன ஊழியர்கள் வரைந்தவற்றுக்கு வெளியீட்டிலிருந்து 95 ஆண்டு, உருவாக்கத்திலிருந்து 120 ஆண்டு, இவற்றில் எது முன்னதோ அதுவே எல்லை. 1982இல் வெளியான ஜௌஸ்ட் விளையாட்டின் ஓவியத்துக்கு 2077 முடிய வேண்டும்.

வெளிநாட்டில் முதலில் வெளியான ஓவியங்களுக்கு வேறு கணக்கு. அறிவிப்பு இல்லாததால் அமெரிக்காவில் பாதுகாப்பை இழந்திருந்த வெளிநாட்டுப் படைப்புகள் பலவற்றுக்கு 1996 ஜனவரி 1 முதல் அது மீண்டும் கிடைத்தது. ஜப்பானிய நிறுவனங்களின் இயந்திரங்களைப் பார்ப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

5. இன்றைய உரிமையாளரைத் தேடுங்கள்

அதிக நேரம் எடுக்கும் படி இது, எடுக்கவும் வேண்டும். தாளில் அச்சாகியிருக்கும் நிறுவனம் இன்று இல்லை என்பதால் உரிமையும் இல்லை என்று நினைப்பவர்களே அதிகம். நிறுவனம் மூடப்படும்போது அதன் மேசை நாற்காலிகளைப் போலவே பதிப்புரிமைகளும் யாரோ ஒருவருக்கு விற்கப்படுகின்றன.

அட்டாரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1984இல் அந்நிறுவனம் இரண்டாகப் பிரிந்தது. வீட்டுக் கணினி, வீட்டு விளையாட்டுப் பிரிவு ஒரு வழியில் போயிற்று. ஆர்கேட் பிரிவு அட்டாரி கேம்ஸ் என்ற பெயரில் வேறு வழியில் போய், 1996இல் மிட்வேயின் தாய் நிறுவனத்திடம் சேர்ந்தது. மிட்வே 2009இல் திவாலானபோது அதன் சொத்துகளில் பெரும்பகுதியை வார்னர் பிரதர்ஸ் வாங்கியது. இதன் விளைவைப் பாருங்கள்: ஆஸ்டிராய்ட்ஸ், சென்டிபீட் போன்ற 1984க்கு முந்தைய ஆர்கேட் விளையாட்டுகளுக்கு இன்றைய அட்டாரியிடம் போக வேண்டும், 1985இல் வந்த காண்ட்லெட், பேப்பர்பாய் ஆகியவற்றுக்கு வார்னரிடம் போக வேண்டும். எல்லாத் தாளிலும் அட்டாரி என்றே அச்சாகியிருக்கும். ஆண்டைப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்துக் கடிதம் எழுதியவர்கள் தவறான வாசலில் மாதக்கணக்கில் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வில்லியம்ஸின் டிஃபெண்டர், ஜௌஸ்ட், ரோபோட்ரான் ஆகியவையும் மிட்வே வழியாக வார்னரிடம்தான் சேர்ந்தன. காட்லீப் 1982இல் வெளியிட்ட கியூபர்ட், அப்போது காட்லீபைத் தன்வசம் வைத்திருந்த கொலம்பியா பிக்சர்ஸ் வழியாக இன்று சோனியிடம் இருக்கிறது. டைட்டோ 2005இல் ஸ்கொயர் எனிக்ஸின் துணை நிறுவனமாயிற்று.

தூங்கிக் கிடக்கும் பெயர் எப்போதும் தூங்கிக் கிடக்கும் என்றும் சொல்ல முடியாது. 1980இல் பெர்சர்க்கை வெளியிட்ட ஸ்டெர்ன் எலக்ட்ரானிக்ஸ் அந்தப் பத்தாண்டின் நடுவிலேயே மறைந்துவிட்டது. ஆயினும் 2023இல் அட்டாரி பெர்சர்க், ஃப்ரென்சி உள்ளிட்ட ஸ்டெர்ன் விளையாட்டுகளின் உரிமையை வாங்கியது.

தேடும் வரிசை இது. முதலில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் இணையப் பட்டியலில் 1978க்குப் பிந்தைய பதிவுகளைத் தேடுங்கள். விளையாட்டின் பெயரில் ஒருமுறை, அறிவிப்பு வரியில் உள்ள நிறுவனப் பெயரில் ஒருமுறை. பதிவு எண்ணின் முன்னெழுத்துகளைக் கவனியுங்கள்: விளையாட்டின் ஒளி-ஒலிப் பகுதிக்கு 'பிஏ' (PA), ஓவியத்துக்கு 'விஏ' (VA) என்று இருக்கும். அதன்பின் அதே அலுவலகத்தில் பதிவான உரிமை மாற்ற ஆவணங்களைப் பாருங்கள். திவால் வழக்கு நடந்திருந்தால் நீதிமன்றத்தின் விற்பனை ஆணையில் சொத்துப் பட்டியல் இணைப்பாக இருக்கும். விளையாட்டுகளின் பெயர்கள் அதில் வரிசையாக வருவதுண்டு. கடைசியாக, அண்மையில் அந்த விளையாட்டின் தொகுப்பு ஏதேனும் வெளியாகியிருந்தால் அதன் தொடக்கத் திரையில் உள்ள உரிமை வரியைப் படியுங்கள். சட்டப்படி அது ஆதாரம் ஆகாது. ஆனால் யாருக்கு முதல் கடிதம் எழுதுவது என்பதை ஒரே நிமிடத்தில் காட்டிவிடும்.

ஓவியரைப் பற்றி ஒரு வார்த்தை. புதியவர் ஒருவர் ஓவியரையே தேடிப்பிடித்து, அவரிடம் கையெழுத்துக் கடிதம் வாங்கி வந்து, வேலை முடிந்தது என்று மகிழ்ந்தார். அந்த ஓவியர் அன்று நிறுவனத்தில் மாதச் சம்பளக்காரர். அவர் வரைந்ததன் பதிப்புரிமை தொடக்கத்திலிருந்தே நிறுவனத்துடையது, கொடுப்பதற்கு அவரிடம் எதுவுமே இல்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. 1978க்குப் பிறகு வெளியாளாக இருந்து வரைந்து கொடுத்தவர் எழுத்து மூலம் உரிமையை மாற்றித் தராதிருந்தால், அது இன்றும் அவரிடமோ அவருடைய வாரிசுகளிடமோ இருக்கலாம். யாரை ஊழியராகக் கருதலாம் என்பதற்குச் சிற்பி ரீட் தொடர்பான 1989ஆம் ஆண்டுத் தீர்ப்பில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் அதற்கு இடமளிக்கிறது. ஆகவே ஓவியரிடம் முதலில் கேட்க வேண்டியது அனுமதி அன்று. அப்போது அவர் சம்பளத்தில் இருந்தாரா, ஒப்பந்தத்தில் இருந்தாரா என்பதே.

6. வணிகச்சின்னத்தைத் தனியே தேடுங்கள்

பதிப்புரிமைக்கு முடிவு தேதி உண்டு. வணிகச்சின்னம் பயன்பாட்டில் இருக்கும்வரை உயிரோடிருக்கும். ஓவியம் பொதுவுடைமை என்று நான்காம் படியில் தெரியவந்தாலும், அதன் நடுவில் உள்ள விளையாட்டுப் பெயர் எழுத்துரு இன்னும் பதிவுச் சின்னமாக இருக்கலாம். அமெரிக்கக் காப்புரிமை, வணிகச்சின்ன அலுவலகத்தின் தேடுதளத்தில் பெயரையும் நிறுவனத்தையும் தேடி, பதிவு உயிரோடிருக்கிறதா, எந்தப் பொருள் வகைக்கு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படம் அச்சிடாத வெற்று பிளெக்சி (பிளாஸ்டிக் கண்ணாடித் தகடு) ஒன்றை விற்கும்போது அது இன்ன இயந்திரத்துக்குப் பொருந்தும் என்று எழுதுவது வேறு, சின்னத்தையே அச்சிட்டு விற்பது வேறு. முன்னதற்குச் சட்டம் இடம் தருகிறது.

7. மனத்துக்கு ஆறுதலான வாதங்களை இப்போதே கைவிடுங்கள்

முப்பது விழுக்காடு மாற்றினால் போதும் என்று ஒரு விதி எங்குமே இல்லை. லாபமில்லாமல் அடக்க விலைக்கே கொடுக்கிறேன் என்பதும் காக்காது. படியெடுப்பதும் விநியோகிப்பதும் உரிமையாளருக்கே உரியவை.

ஒவ்வொரு கோட்டையும் நானே வரைந்தேன், ஆகவே இது என் படைப்பு என்பது உழைத்தவர்களுக்கு விட மனம் வராத வாதம். டொயோட்டா கார்களை அப்படியே கணினி மாதிரிகளாக்கிய மெஷ்வொர்க்ஸ் நிறுவனத்தின் வழக்கில் 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: உழைப்பு எவ்வளவு இருந்தாலும், உள்ளதை உள்ளபடி படியெடுப்பதில் புதுப் பதிப்புரிமை பிறக்காது. உங்கள் வெக்டர் எவ்வளவு துல்லியமோ அவ்வளவுக்கு அது உங்களுடையதன்று.

இயந்திரம் பயன்பாட்டுப் பொருள், அதன்மேல் ஒட்டிய படத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்று வாதிடுபவர்களுக்கு உச்ச நீதிமன்றத்தின் 2017ஆம் ஆண்டு ஸ்டார் அத்லெட்டிகா தீர்ப்பு பதில். பொருளிலிருந்து பிரித்துப் பார்க்கக்கூடிய ஓவியம் ஓவியமாகவே காக்கப்படும்.

இருபது ஆண்டாக எல்லோரும் விற்கிறார்கள், யாரும் கேட்கவில்லை என்பது அடுத்தது. பழைய திரைப்படம் ஒன்றைப் பற்றிய பெட்ரெல்லா வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம், மூன்றாண்டுக் கால வரம்புக்குள் நடந்த மீறலுக்கு இழப்பீடு கேட்பதை, உரிமையாளர் அதற்கு முன் நெடுங்காலம் வாளாவிருந்தார் என்பதைக் காட்டித் தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. நீங்கள் விற்கும் ஒவ்வொரு பிரதியும் புதிய மீறல்.

அனுமதியின்றியே சில பயன்பாடுகளுக்குச் சட்டம் இடம் தரும் 'நியாயமான பயன்பாடு' என்பதும் இங்கே எடுபடுவது கடினம். முழு ஓவியத்தையும், அதே நோக்கத்துக்கு, விலைக்கு விற்கிறீர்கள். சந்தைக்குப் பாதிப்பில்லை என்று சொல்லவும் வழியில்லை. 2018 முதல் ஆர்கேட்1அப் போன்ற நிறுவனங்கள் உரிமம் பெற்று இதே ஓவியங்களுடன் சிறிய அளவு இயந்திரங்களை விற்று வருகின்றன.

இழப்பீட்டுக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். உரிய காலத்தில் பதிவு செய்யப்பட்ட படைப்புக்குச் சட்டம் வரையறுத்த இழப்பீடு 750 முதல் 30,000 டாலர் வரை. தெரிந்தே செய்தது என்று நிறுவப்பட்டால் 150,000 வரை போகலாம். இது படைப்பு ஒன்றுக்கு, பிரதி ஒன்றுக்கு அன்று. ஆறு ஜோடிதானே விற்றேன் என்று நான் அன்று போட்ட கணக்கு இதனால்தான் பொருளற்றதாயிற்று.

8. உரிமம் கேளுங்கள்

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எந்த விளையாட்டு, எந்தத் தாள்கள், அளவு, அச்சு முறை, முதல் ஆண்டில் எத்தனை பிரதி, எந்த நாடுகளில் விற்பனை, எவ்வளவு காலத்துக்கு என்பவற்றை எண்களில் சொல்லுங்கள். ரசிகன் என்று இரண்டு பத்தி எழுதுவதால் பயனில்லை. உரிமப் பிரிவில் இருப்பவர் தேடுவது அந்த எண்களையே. உங்களிடம் உள்ள அசல் தாளின் புகைப்படத்தை இணைக்கலாம். அனுமதியின்றி வரைந்து முடித்த கோப்பை இணைக்காதீர்கள், அது உங்களுக்கு எதிரான ஆவணம்.

பெரிய நிறுவனங்கள் குறைந்தபட்ச உத்தரவாதத் தொகையை முன்னரே கேட்பது வழக்கம். ஐம்பது பிரதி விற்பவருக்கு அது கட்டுப்படியாகாது. ஏற்கெனவே உரிமம் பெற்ற ஒருவரின் கீழ் அச்சிடுபவராகச் சேர்வது அத்தகையோருக்கு ஏற்ற வழி.

ஒப்பந்தம் வந்தால் மூன்று இடங்களை நிதானமாகப் படியுங்கள்: மாதிரி ஒப்புதலுக்கு எத்தனை நாள், உங்கள் வெக்டர் கோப்பு காலம் முடிந்தபின் யாருடையது, மூன்றாம் நபர் வழக்குத் தொடுத்தால் யார் பொறுப்பு. மூன்றாவது மிக முக்கியம். இரண்டாம் படியில் நிறப் பேனாவால் பிரித்த அடுக்குகளில் எவற்றுக்கு இந்த உரிமையாளர் உத்தரவாதம் தருகிறார் என்பது அங்கேதான் தெரியும். ஒப்பந்தக் கட்டணத்துக்கு முன் வழக்கறிஞர் கட்டணத்தை ஒதுக்குங்கள்.

9. உரிமம் கிடைக்காவிட்டால்

பதில் வராதது அனுமதி ஆகாது. உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத படைப்புகளுக்கென அமெரிக்காவில் தனிச் சட்ட விலக்கும் இல்லை.

செய்யக்கூடியவை இருக்கின்றன. அசலாக அச்சாகி விற்காமல் கிடந்த பழைய தாள்களை வாங்கி விற்கலாம். சட்டப்படி தயாரான பிரதியை வாங்கியவர் அதை மறுபடி விற்க முதல் விற்பனை விதி இடமளிக்கிறது. கிழிந்த அசல் தாளை வாடிக்கையாளருக்காகத் தூரிகையால் செப்பனிடலாம். படம் இல்லாத பெசல், டி-மோல்டிங் (இயந்திர விளிம்பில் பொருத்தும் பிளாஸ்டிக் பட்டை), வெட்டிய பிளெக்சி ஆகியவற்றை விற்கலாம். வண்ணம் தெளிக்கும் ஸ்டென்சிலை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். ஸ்டென்சிலும் அந்த ஓவியத்தின் படிதான்.

பல விளையாட்டுகள் ஓடும் பொது இயந்திரங்களுக்குச் சொந்தமாக ஓவியம் வரைந்து விற்பதே என் அனுபவத்தில் நிலைத்த வருமானம். பழைய பாத்திரங்கள் எவையும் அதில் வரக் கூடாது. பின்னணிக் கூட்டத்தில் ஒரு மூலையில்கூட.

10. நீக்க அறிவிப்பு வந்தால்

அன்றே விற்பனையை நிறுத்துங்கள். கோப்புகளையும் கணக்குகளையும் அழிக்காதீர்கள். அழித்தால் தெரிந்தே செய்தீர்கள் என்ற குற்றச்சாட்டுக்கு நீங்களே வலுச் சேர்க்கிறீர்கள்.

அறிவிப்பு பதிப்புரிமை பற்றியதா, வணிகச்சின்னம் பற்றியதா என்று முதலில் பாருங்கள். பதிப்புரிமை அறிவிப்புக்கு எதிர் அறிவிப்பு அனுப்பும் வழி சட்டத்தில் உண்டு. அனுப்பினால், உரிமையாளர் வழக்குத் தொடுக்காதவரை, தளம் 10 முதல் 14 வேலை நாளுக்குள் அந்தப் பக்கத்தைத் திரும்ப வைக்க வேண்டும். ஆனால் அந்த எதிர் அறிவிப்பு பொய்ச் சாட்சியத் தண்டனைக்கு உட்பட்ட உறுதிமொழி. உங்கள் பெயரும் முகவரியும் அதில் இருக்கும், அமெரிக்க நீதிமன்ற அதிகாரத்துக்கு உட்படுகிறேன் என்ற ஒப்புதலும் இருக்கும். கோபத்தில் அந்தப் பொத்தானை அழுத்தியவர்கள், அதுவரை ஒரு தானியங்கிக் கடிதமாக இருந்ததை வழக்காக மாற்றிக்கொண்டார்கள். நான்காம், ஐந்தாம் படிகளின் குறிப்புகள் உங்கள் கோப்புறையில் இருந்து, அவை உங்கள் பக்கம் நின்றால் மட்டுமே, அதுவும் வழக்கறிஞர் பார்த்த பிறகு, அனுப்புங்கள்.

நான் எதிர் அறிவிப்பு அனுப்பவில்லை. விற்ற ஆறு ஜோடிகளின் கணக்கை எழுதி அனுப்பி, இனி அச்சிடுவதில்லை என்று உறுதி கொடுத்தேன். ஏழாவது ஜோடியை அவர்கள் கேட்டபடி வெட்டி, வெட்டிய துண்டுகளின் புகைப்படத்தை அனுப்பி வைத்தேன்.